உரிந்த ஸ்டீரிங்கில் ஒரு கைத்தொழில்

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கல்யாணம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு விடியற்காலையில் சங்கரன்கோவிலிலிருந்து காரை எடுத்தேன். பழைய வண்டி. வாங்கும்போதே ஸ்டீரிங்கின் வலப்பக்கத் தோல் சாம்பல் பூத்து, செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கல்யாணத்துக்குப் போகிற வண்டி லட்சணமாக இருக்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் கறுப்பு ஷூ பாலிஷை வாங்கித் தேய்த்துவிட்டிருந்தேன். ராஜபாளையம் தாண்டியதும் உள்ளங்கை பிசுபிசுத்தது. திருமங்கலத்தில் டீ குடிக்க இறங்கினால் வேட்டியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் தகப்பனார் கையைப் பிடித்து வரவேற்றார். அவர் கையும் கறுத்தது.

“என்ன அண்ணாச்சி, வர்ற வழியில டயர் மாத்துனீங்களா?”

அந்த வெட்கத்தில்தான் ஸ்டீரிங் தோலைப் புதுப்பிக்கிற இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். என் வண்டி, தம்பி வண்டி, தெரிந்தவர்கள் வண்டி என்று இதுவரை பதினைந்து வீலுக்கு மேல் செய்தாயிற்று. அதில் இரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன். இப்போது ஊரில் குஷன் கடை வைத்திருக்கும் பையன்களும், வாட்டர் சர்வீஸில் வேலை பார்க்கும் பையன்களும் “இதைத் தொழிலாச் செய்யலாமா அண்ணே?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீரிங் தோல் புதுப்பிப்பதை மட்டும் நம்பி சங்கரன்கோவிலில் தனிக்கடை போட்டால் வாடகைக்கே காணாது. ஆனால் ஏற்கெனவே சீட் கவர் தைக்கிறவர், வண்டி கழுவுகிறவர், டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி விற்கிறவர் ஆகியோருக்கு இது நல்ல பக்க வருமானம். முதலீடு கொஞ்சம், இடம் ஒரு கார் நிற்கிற நிழல். வேண்டியது பொறுமை. தறி ஓட்டுகிற ஊரில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆயிரம் இழையில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற கண் இருந்தால், தோலில் ஓடும் கீறலும் கண்ணில் படும்.

உரிவது எது?

ஸ்டீரிங் தோல் தேய்ந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வோம். பெரும்பாலும் தேய்வது தோல் இல்லை, தோலின் மேல் ஆலையில் பூசிய பூச்சு. மாட்டுத்தோலைப் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டு, மேலே நிறமி கலந்த பூச்சு கொடுத்து, அதற்கும் மேலே பாலியூரித்தேன் காப்புப் பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு, கைக்குத் தெரிகிற வழவழப்பு எல்லாம் அந்தப் பூச்சுதான். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதல் கனமுள்ள தோல் அதன் அடியில் பத்திரமாகத்தான் இருக்கும். பூச்சு போய்விட்டால் திரும்பப் பூசலாம். தோலே கிழிந்துவிட்டால் இந்தக் கட்டுரை உதவாது.

குரோமியத்தில் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1884-இல். அதற்கு முன்பும் பின்பும் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் ஆவாரம்பட்டையில் பதனிட்டன. நம் கரிசல்காட்டு ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற அதே ஆவாரைதான். பட்டையில் பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் அருமை. வெயிலில் நிற்கிற காரின் சூட்டுக்கும் ஓயாத வியர்வைக்கும் தாக்குப்பிடிக்கக் குரோமியத் தோலே சரி என்று பல கார் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன.

உங்கள் வண்டியைப் பாருங்கள். வலப்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நம் ஊரில் இடக்கை பாதி நேரம் கியரில் இருக்கிறது, வலக்கை வீலை விடுவதே இல்லை. வலக்கையில் மோதிரம் வேறு. கண்ணாடி வழியாக வெயில் விழுவதும் அந்தப் பக்கம்தான். 2020-க்குப் பிறகு இன்னொரு எதிரியும் சேர்ந்தது: சானிடைசர். கையில் தேய்த்த ஈரம் காய்வதற்குள் வீலைப் பிடித்தால், அதிலுள்ள ஆல்கஹால் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும்.

தோலா, ரெக்சினா?

வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் கெடுத்த இரண்டு வீலில் ஒன்று, இதைப் பார்க்காமல் கை வைத்ததால் கெட்டது.

விலை குறைந்த மாடல்களில் வீல் தோல் சுற்றியதாக இருக்காது. பாலியூரித்தேன் நுரையை அச்சில் வார்த்து, தோல் மாதிரி வரி மட்டும் போட்டிருப்பார்கள். அதில் தையல் இருக்காது. ஓரத்தில் நகத்தால் வருடினால் அச்சு சேர்ந்த கோடு தட்டுப்படும். சிலவற்றில் தையல் இருந்தும் மேலே இருப்பது ரெக்சினாக இருக்கும். உரிந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். பஞ்சு மாதிரி, சிறு நார்கள் பின்னிக்கொண்டு தெரிந்தால் தோல். நெசவாளிக் குடும்பத்துப் பையன்கள் இதை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு சோதனை, ஒரு சொட்டுத் தண்ணீர். பூச்சு போன தோல் தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். மற்றவற்றில் சொட்டு உருண்டு நிற்கும்.

வார்ப்பு வீல் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து பிசுபிசுக்க ஆரம்பித்துவிட்டால் அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. அப்படிப்பட்ட வீலுக்கும், கிழிந்த தோலுக்கும், நெசவு தெரியும் ரெக்சினுக்கும் ஊசி நூல் போட்டுத் தைக்கிற கவர்தான் வழி. அளவெடுத்து வெட்டி, வீலில் வைத்தே மெழுகு நூலால் இரு ஓரத்தையும் இழுத்துப் பின்னுவது. குஷன் கடைக்காரருக்கு அது சொந்த வேலை. ரப்பர் வளையம் மாதிரி மாட்டுகிற மலிவுக் கவரைச் சிபாரிசு செய்யாதீர்கள். அது சுழலும். திருப்பத்தில் வீல் ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலையை மறுப்பது தொழிலில் பாதி. “இது நிக்காது அண்ணாச்சி, காசு வீணாகும்” என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் அடுத்த மாதம் இரண்டு பேரைக் கூட்டி வருவார்.

ஏர்பேக்கைத் தொடாதே

2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய பல வண்டிகளிலும் உண்டு. அது உட்கார்ந்திருப்பது வீலின் நடுவில், ஹாரன் அடிக்கிற மூடிக்குப் பின்னால். மோதிய கணத்தில் சின்ன வெடிமருந்துப் பொறியால் வாயு உண்டாக்கி விரிகிற பை அது. வீலைக் கழற்றிப் பூசினால் சுத்தமாக வரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கழற்றாதீர்கள். கம்பெனியில் பயிற்சி பெற்றவர்கள் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, அதற்கென்று உள்ள முறைப்படி செய்யும் வேலை அது. வீல் வண்டியில் இருக்கும்போதே நேர்த்தியாகப் பூச முடியும். மாஸ்கிங் டேப் ஒட்ட அரைமணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஏர்பேக் வீலை எடுத்துவிட்டு, பந்தய வண்டி மாதிரி சின்ன வீல் போட்டுத் தரச் சொல்லி இளவட்டங்கள் வருவார்கள். அதிகக் காசும் தருவார்கள். முடியாது என்று சொல்லுங்கள். நடு மூடி மேல் ஸ்டிக்கர், சாமி படம், கண்ணாடிக் கல் ஒட்டித் தரச் சொன்னாலும் அதே பதில். பை விரியும்போது அத்தனையும் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

வேலை தொடங்குமுன் வண்டிக்காரர் முன்னாலேயே சாவியைப் போட்டு ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா, வீலில் உள்ள பாட்டுப் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ரசீதில் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஏற்கெனவே பழுதாக இருந்த பொத்தானுக்கு நான் ஒருமுறை காசு கொடுத்தேன். சண்டை போடத் தெம்பில்லை, கையில் போட்டோவும் இல்லை.

கழுவுவதுதான் வேலை

எல்லாருக்கும் நிறம் பூச அவசரம். பூச்சு உரிந்து வந்த வீல்களில் பெரும்பாலும் குற்றம் பூச்சில் இல்லை, அதன் அடியில் விட்டுப்போன எண்ணெயில்தான். வருஷக்கணக்கில் ஊறிய வியர்வை, தலையெண்ணெய், பரோட்டா சாப்பிட்ட கை, டேஷ்போர்டுக்கு அடித்த சிலிக்கான் ஸ்பிரே எல்லாம் அந்தத் தோலில் இருக்கின்றன. அதன் மேல் தங்கத்தைப் பூசினாலும் உரியும்.

முதலில் நடு மூடி, பொத்தான்கள், இன்டிகேட்டர் தண்டுகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மீட்டர் பலகைக்கும் சீட்டுக்கும் பழைய வேட்டி ஒன்றை விரியுங்கள். தோல் சுத்தம் செய்யும் திரவம் என்றே கடையில் கிடைக்கிறது. அதை நேராக வீலில் ஊற்றாமல் மெல்லிய பிரஷ்ஷில் நுரைத்து எடுத்துத் தேயுங்கள். பழைய டூத் பிரஷ் தையல் ஓரத்துக்குப் போதும். நுரை காய்வதற்குள் ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். துணியைப் பாருங்கள், முதல் தடவை கரித்துணி மாதிரி வரும். துணி வெளுப்பாக வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு நாலைந்து தடவைக்குக் குறைந்து ஒரு வீலும் சுத்தமானதில்லை.

துணி சோப்போ பாத்திரம் கழுவுகிற சோப்போ வேண்டாம். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. கட்டிச் சோப்பு காரம். கொஞ்ச நாளில் தோல் விறைத்து வெடிக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். நான் கெடுத்த இரண்டாவது வீல் தின்னரால்தான். நல்ல பூச்சையும் கரைத்து, தையல் நூலின் சாயத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. தேங்காய் எண்ணெய் வைத்தியம் பலருக்குப் பிடிக்கும், அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் கை வழுக்கும். கரிசல் தூசி அதில் ஒட்டினால் உப்புத்தாளே வேண்டாம், அதுவே தேய்த்துவிடும்.

கழுவிக் காய்ந்த பிறகு உப்புத்தாள். 600 நம்பரில் ஆரம்பித்து 1000, 1500 என்று போங்கள். நோக்கம் தோலைச் சுரண்டுவது இல்லை, உரிந்த பூச்சின் விளிம்பு கைக்குத் தட்டாமல் சரிவாக இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரல் சொல்லும். தையல் மேல் தாள் படக்கூடாது. பட்டால் நூல் பிசிறும், பிறகு அதை மறைக்க வழியே இல்லை.

தூசியைத் துடைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாக நனைத்து ஒரு முறை துடைக்க வேண்டும். மிச்ச எண்ணெயை அது எடுத்துவிடும். சானிடைசரில் இருக்கிற ஆல்கஹால்தான் பூச்சுக்கு எதிரி என்று மேலே சொன்னீர்களே என்று கேட்பீர்கள். எதிரிதான். பழைய பூச்சைக் கொஞ்சம் இளக்கினால்தான் புதுப் பூச்சு பிடிக்கும்.

இதுவரைக்கும் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். அரைமணியில் முடித்திருந்தால் திரும்ப ஆரம்பியுங்கள்.

பட்டி, நிறம், காப்பு

வெடிப்பு, மோதிரக் கீறல் இருந்தால் தோலுக்கென்று விற்கிற நெகிழும் பட்டியை வையுங்கள். சுவருக்குப் பட்டி பார்ப்பது மாதிரி அப்பக்கூடாது. பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, இன்னொரு தடவை இழுங்கள். மொத்தமாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், ஒரு மாதத்தில் எழும்பி வரும். காய்ந்ததும் 1000 நம்பர் தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

நிறத்துக்குத் தண்ணீரில் கரைகிற தோல் நிறமியே போதும். கறுப்பு என்று வாங்கினால் அப்படியே பூசிவிடாதீர்கள். கார்களின் ‘கறுப்பு’ வீல்களில் பல சுத்தக் கறுப்பு இல்லை, கரிச் சாம்பல். வீலின் அடிப்பக்கத்தில் வெயில் படாத இடம்தான் உண்மையான நிறம். அங்கே ஒரு புள்ளி வைத்து, காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள். ஈரத்தில் நிறம் வேறாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி பழுப்பு சேர்த்தால் பெரும்பாலும் ஒத்துவிடும்.

பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், கோடு விழும். ஸ்பான்ச் துண்டை நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். அம்மா தோசைக்கல்லில் எண்ணெயைத் துணியால் ஒற்றுகிற மாதிரி. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும், மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் மெல்லிசாக, ஹேர் டிரையரின் மிதச் சூட்டில் காயவிட்டு, நாலு முதல் ஆறு பூச்சு. பெயின்ட் உரிக்கிற ஹீட் கன்னை ஏர்பேக் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது. தையல் நூல் வேறு நிறத்தில் இருந்தால் ஓரத்தை மெல்லிய தூரிகையால் முடியுங்கள். சிவப்பு நூலில் கறுப்பு ஏறினால் பார்க்கிற எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

கடைசியாகக் காப்புப் பூச்சு. நான் வேட்டியைக் கெடுத்துக்கொண்டது இது இல்லாததால்தான். ஷூ பாலிஷ் மெழுகும் சாயமும். அதைத் தோலோடு கட்டிப்போட மேலே எதுவுமில்லை, கைச்சூட்டில் இளகி வந்துவிட்டது. நிறமிக்கு மேல் தண்ணீரில் கரைகிற பாலியூரித்தேன் பூச்சு மூன்று தடவை வேண்டும். அதில் சில துளி ஹார்டனர் கலக்கச் சொல்லி டப்பாவிலேயே அளவு போட்டிருக்கும். கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு ஆகாது. கையுறை போடுங்கள், கார்க் கதவுகளைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பளபளப்பு வகை வேண்டாம், மங்கல் வகையே வாங்குங்கள். பளபளக்கிற ஸ்டீரிங் வெயிலில் கண்ணில் அடிக்கும், வியர்த்த கைக்கு வழுக்கும், ‘வீட்டில் பூசியது’ என்று ஊருக்கே சொல்லும்.

பூசி முடித்ததும் வண்டியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். குறைந்தது ஒரு நாள் கை படாமல் நிற்க வேண்டும். முழுசாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அந்த வாரத்தில் ஓட்டலாம், ஆனால் ஈரத் துணி, சானிடைசர், கண்டிஷனர் எதுவும் ஆகாது. இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். சின்னச் சீட்டில் அச்சடித்து வண்டியில் வையுங்கள்.

ஊரும் காலமும்

இந்த வேலைக்கு எதிரி இரண்டு, தூசியும் ஈரமும். சங்கரன்கோவிலில் இரண்டும் முறை வைத்து வரும். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் திறந்த வெளியில் பூசினால் வீலில் கரிசல் மண்ணும் ஒரு பூச்சாக ஏறும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு வண்டிகள் வந்து குவியும் நேரம், வேலை கேட்டும் வரும். சுவரும் கதவும் உள்ள இடம் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர்ப் பூச்சு காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், ஒரு நாளைக்கு ஒரு வண்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் வேலை செய்யவே கூடாது. சூடான வீலில் பூச்சு பரவுமுன் காய்ந்து வரி விழும். காலை ஆறிலிருந்து பத்து வரை நிழலில் செய்தால் நன்றாக வரும்.

வருமானத்துக்கும் காலம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு வாரம்தான் உச்சம், அப்போது ஊரில் கழுவாத வண்டியே இருக்காது. அடுத்து சபரிமலை சீசனுக்கு முன்னால் டாக்சி, வேன்காரர்கள் வருவார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டை வழியாக ஓட்டம் ஆரம்பித்துவிடும், பிறகு வண்டியை ஒரு நாள் நிறுத்தச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆகவே ஐப்பசியிலேயே கேட்டுவிடுங்கள். வருஷம் முழுக்கச் சீராக வேலை தருகிறவர்கள் பழைய கார் வியாபாரிகள். வாங்க வருகிறவர் முதலில் உட்காருவது ஓட்டுநர் சீட்டில், முதலில் தொடுவது ஸ்டீரிங்கை. இது வியாபாரிக்குத் தெரியும்.

காசுக் கணக்கு

ஸ்டீரிங்கின் வளையத்தில் உள்ள தோலை விரித்தால் ஒரு சதுர அடிக்குச் சற்றுக் கூடத்தான் வரும். ஒரு வீலுக்கு முப்பது மில்லி நிறமி போதும். டேப், தாள், ஸ்பான்ச், காப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்து எனக்கு 250 ரூபாய்க்குள் அடங்குகிறது. கை வேலை ஐந்து, ஆறு மணி நேரம். ஆக, பொருளுக்கு 250, கூலிக்கு மணிக்கு 150 என்று வைத்தால் 1,100 ரூபாய்க்குக் கீழே வாங்கக் கூடாது. “அடுத்த கடையில 500” என்பார்கள். அவர் கழுவாமல் பூசுகிறார். ஆறு மாதத்தில் அந்த வீல் உங்களிடமே வரும், அப்போது பழைய பூச்சை எடுக்கிற கூலியும் சேர்த்து வாங்குங்கள்.

உரிதலுக்கு ஆறு மாதம் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். மோதிரக் கீறலுக்கு இல்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பொருளை முதலில் சின்ன டப்பாக்களாக ஆன்லைனில் வாங்கிப் பழகுங்கள். கை படிந்த பிறகு சென்னை பெரியமேட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தமிழ்நாட்டுத் தோல் வியாபாரத்தின் தலைவாசல் அது. தோலும் நிறமியும் அளந்து கொடுப்பார்கள், நாலு கேள்விக்குப் பதிலும் கிடைக்கும். முறையாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் தொடங்கிய நிறுவனம், தோல் பொருள் செய்யக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. ஸ்டீரிங்குக்கென்று தனி வகுப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தோலின் குணம் தெரிந்தால் செருப்பும் ஸ்டீரிங்கும் ஒன்றுதான்.

கடன் வாங்கித் தொடங்குகிற தொழில் இல்லை இது. ஐயாயிரம் ரூபாய்க்குள் எல்லாச் சாமானும் வந்துவிடும். பிற்பாடு தையல் மிஷின், சீட் வேலை என்று விரிக்க நினைத்தால் அப்போது முத்ரா கடனின் சிசு பிரிவைக் கேளுங்கள், 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். 35 வயது தாண்டிய கைவினைஞராக இருந்தால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் உங்கள் வேலை சேருமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பழகுவதற்கு முதல் வீல் உங்கள் வண்டியுடையதாக இருக்கட்டும். வண்டி இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் கழித்துப் போட்ட, ஏர்பேக் இல்லாத தோல் வீல் ஒன்றைக் கிலோ கணக்கில் வாங்கி, வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். மூன்று தடவை பூசி, மூன்று தடவை உரித்து எடுங்கள். நாலாவது தடவை அடுத்தவர் வண்டியில் கை வைக்கலாம்.

என் வண்டி இன்னும் ஓடுகிறது. வலப்பக்கத்தில் மோதிரம் படுகிற இடத்தில் மட்டும் போன மாதம் ஒரு சின்ன டச்-அப் கொடுத்தேன். கறுப்பு இன்னும் கையில் ஒட்டவில்லை.